கதவு எந்தப் பக்கம்? ஐஸ்லாந்தில் ஆறு நாள்

முதல் நாள், ஜூன் 19, ரெய்க்யவிக்

இரவு மணி 11.30. சன்னலுக்கு வெளியே சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சம். சூரியன் நள்ளிரவு தாண்டித்தான் மறையுமாம், மூன்று மணிக்குள் திரும்பி வந்துவிடுமாம். திரைச்சீலை இரண்டையும் ஊக்கு போட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. பூமிக்கடியிலிருந்து குழாய் வழியே வருகிற நீர், கந்தகம் கலந்தது. பச்சைத் தண்ணீரில் வாடை இல்லை.

ஐஸ்லாந்துக்கு எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் "வானத்துல பச்சை வெளிச்சம் வருமே, அதைப் பார்க்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜூனில் இருட்டே கிடையாது, பச்சை வெளிச்சம் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மைக் காரணம் அக்கா மகன்.

பிளஸ் டூ முடித்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பயல்களோடு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து இருபது முகப் பகடையை உருட்டுவான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. அதில் இவன் ஒரு 'ட்ரோ'. பாதாளத்தில் வாழும் எல்ஃப் இனம். எல்ஃப் என்றால் ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் மாய மனிதர். ஒரு காலத்தில் மற்ற எல்ஃபுகளோடு மேலே இருந்தவர்கள். உட்பகையில் தோற்று, கீழே விரட்டப்பட்டவர்கள். சூரியன் எட்டாத குகை நகரங்கள், கறுத்த தோல், வெள்ளை முடி. பெண்களின் ஆட்சி, பூசாரிப் பெண்கள் சொன்னதே சட்டம். தெய்வம் லோல்த், சிலந்தி வடிவம். கூடப் பிறந்தவனை முதுகில் குத்தி மேலே ஏறுவது அங்கே தப்பில்லை.

"இவங்க எங்கேர்ந்து வந்தாங்க மாமா?" என்று ஒருநாள் கேட்டான். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1977, 1978-ல் எழுதியது என்றேன். "அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான். அங்கே மாட்டிக்கொண்டேன்.

பெயர் வந்த வழி எளிது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் மேட்டுக்குள் குடியிருக்கும் சின்ன மனிதர்களை 'ட்ரவ்' என்பார்கள், 'ட்ரோ' என்றும் சொல்வதுண்டு. வயலின் வாசிப்பவர்களை மேட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு ராத்திரி வாசிக்கவைத்து அனுப்புவார்கள். வெளியே வந்து பார்த்தால் பல வருஷம் ஓடியிருக்கும். அவர்களிடம் சிலந்தியும் இல்லை, கறுப்புத் தோலும் இல்லை. கறுப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. சுமார் 1220-ல் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய ஓரிரண்டு வரியிலிருந்து. அந்த வரி பிறந்த ஊரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

இரண்டாம் நாள், ஜூன் 20, கோபவோகுர்

தலைநகரை ஒட்டிய ஊர் கோபவோகுர். பேருந்தில் கொஞ்ச நேரம். அங்கே ஒரு குடியிருப்புத் தெருவின் பெயரே 'எல்ஃப் மேட்டுத் தெரு'. நேராக வரும் சாலை ஓரிடத்தில் திடீரென்று ஒடுங்குகிறது. பக்கத்தில் புல் மூடிய பாறைத் திட்டு. கோட்டை மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம்தான். இரண்டு ஆட்டோ நிறுத்துகிற இடம்கூட இருக்காது போலிருந்தது. 1930-களிலிருந்து சாலை போட வந்தவர்களெல்லாம் இங்கே தடுக்கி நின்றதாக ஊர்ப்பேச்சு. ஒரு தடவை பணம் தீர்ந்ததாம். இன்னொரு தடவை கருவிகள் உடைந்தனவாம். கடைசியில் பாறையை விட்டுவிட்டுச் சாலையை ஒடுக்கினார்கள். சாலை நடுவில் புற்று வளர்ந்த ஊரிலிருந்து வருகிறவனுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

பாறைக்குள் இருப்பதாகச் சொல்லப்படுபவர்களை 'ஹுல்துஃபோல்க்' என்கிறார்கள். மறைந்திருக்கும் மக்கள். எல்ஃபுக்கான பழைய சொல் 'ஆல்ஃபுர்'. இரண்டும் இங்கே ஏறக்குறைய ஒரே கூட்டத்தைத்தான் குறிக்கின்றன. மறைந்ததற்கு ஒரு கதை உண்டு. கடவுள் ஏவாள் வீட்டுக்கு வருகிறார். ஏவாள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், பாதிப் பேர்தான் முடிந்தது. அழுக்குப் பிள்ளைகளைக் காட்ட வெட்கப்பட்டு ஒளித்துவைக்கிறாள். "இவ்வளவு பேர்தானா?" "ஆமாம்." என்னிடம் மறைத்தது மனிதரிடமும் மறைந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார். அந்தக் குளிக்காத பிள்ளைகளின் வழி வந்தவர்கள்தான் பாறைக்குள் இருப்பவர்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அவர்கள் வேற்றினம் இல்லை என்பது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பதைத் தீர்மானித்தது குளியல் வரிசை.

மத்தியானம் கால்காஹ்ரோய்ன் என்ற லாவாக் காட்டில் நடந்தேன். உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் ஒரு சாண் கனத்துக்குப் பாசி, மெத்தை மாதிரி அமுங்குகிறது. 2013-ல் இதன் குறுக்கே சாலை போட வந்தபோது ஊர்க்காரர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், போலீஸ் தூக்கிப்போனது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் "எல்ஃபுகளுக்காகப் போராட்டம்" என்று எழுதிச் சிரித்தன. வந்தவர்களில் பலருக்கு லாவாக் காடுதான் கவலை. ஆனால் இங்கிருந்த ஒரு பெரிய பாறை மறைமக்களின் தேவாலயம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சாலை வந்தது. சுமார் 70 டன் எடையுள்ள அந்தப் பாறையை 2015-ல் கிரேன் வைத்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். இது தனிக் கதையும் அல்ல: 2010-ல் கார் விபத்தில் தப்பிய அரசியல்வாதி ஆர்னி யோன்சன், அந்த இடத்துப் பாறையில் இருந்த எல்ஃப் குடும்பம்தான் காப்பாற்றியது என்று நம்பி, 30 டன் பாறையைக் கப்பல் ஏற்றித் தன் தீவுக்கே கொண்டுபோய்விட்டார்.

நான் தங்கியிருக்கும் வீட்டம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நம்புகிறீர்களா என்று கேட்டேன். "நான் பார்த்ததில்லை" என்றார். காப்பியை ஊற்றிவிட்டு, "சின்ன வயதில் பாறை மேல் கல் எறிந்தால் பாட்டி காதைத் திருகுவாள். இன்றைக்கும் நான் எறிவதில்லை" என்றார். இங்கே எடுத்த கருத்துக்கணிப்புகளிலும் இதே குரல்தான் கேட்கிறது. கண்டிப்பாக உண்டு என்பவர் கொஞ்சம், கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்பவர்களும் பெரும்பான்மை இல்லை.

மூன்றாம் நாள், ஜூன் 21

மழை. மேலிருந்து இல்லை, பக்கத்திலிருந்து பெய்கிறது. குடை எடுத்துப்போன என்னைப் பார்த்துப் பேருந்தில் ஒரு சிறுமி சிரித்தாள்.

ஊருக்குள்ளேயே ஆர்பாயர் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே ஒரு புல்வீடு. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன், இந்தப் பயணத்தில் எனக்கு முதலில் மண்டையில் அடித்த இடம் இதுதான்.

இந்த நாட்டில் கட்டடத்துக்கு ஆகிற மரம் கிடையாது. வந்து குடியேறியவர்கள் இருந்த பிர்ச் மரங்களையும் வெட்டித் தீர்த்தார்கள். அதனால் கீழே கல், மேலே வேரோடு வெட்டி எடுத்த புல்கட்டிகள் அடுக்கிய தடித்த சுவர், உள்ளே கரை ஒதுங்கிய கட்டையில் ஒரு சட்டம், கூரை மேலும் புல். பின்பக்கமிருந்து பார்த்தால் வீடு தெரியவில்லை, மேடுதான் தெரிகிறது. ஆடு ஏறி மேயலாம். தலை குனிந்து நுழைந்தால் இருட்டு நடை, ஈர மண் வாசனை, கடைசியில் 'பாத்ஸ்தோவா' என்ற ஒற்றை அறை. மொத்தக் குடும்பமும் வேலையாட்களும் அதில்தான் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். குளிர்கால ராத்திரிகளில் எல்லோரும் கம்பளி சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் சத்தமாகப் படிப்பார் அல்லது கதை சொல்வார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இப்படி வாழ்ந்தவர்கள் உண்டு.

அறையில் யாருமில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தேன். புல்மேட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எதிர்ப் புல்மேட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றிக் கதை சொல்லியிருக்கிறார்கள்! பாதாள மக்கள் என்று நான் தேடி வந்தது யாரை?

அந்தக் கதைகளை நூலகர் யோன் ஆர்னாசன் சேர்த்து 1862-லும் 1864-லும் இரண்டு தொகுதிகளாக லைப்சிக்கில் அச்சிட்டார். மறைமக்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், சிலந்தி பூசை இல்லை, சதி இல்லை. மாடு கறக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், புல் அறுக்கிறார்கள். வருடக் கடைசி இரவில் வீடு மாறுகிறார்கள். அந்த ராத்திரி வீட்டுக்காரி விளக்கேற்றி வைத்து, "வருகிறவர் வரட்டும், போகிறவர் போகட்டும், எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் கேடில்லாமல்" என்று சொல்ல வேண்டும். எல்லாம் மனிதர்கள் செய்கிற வேலைதான். ஒரே வித்தியாசம், அவர்களுடைய மாடு கூடுதலாகக் கறக்கும், உடுப்பில் நிறம் இருக்கும், பட்டினி கிடையாது. 1783-ல் லாகி எரிமலை எட்டு மாதம் பொங்கி, அதன் பின் வந்த பஞ்சத்தோடு நாட்டில் ஐந்தில் ஒருவர் செத்துப்போன பூமி இது. பக்கத்துப் பாறைக்குள் ஒரு வீட்டிலாவது அடுப்பு எரிகிறது என்று நினைக்க அவர்களுக்குத் தேவை இருந்திருக்கும்.

அவர்களுக்கும் நம்மிடம் ஒன்று தேவைப்படும்: பேறுகாலம். எல்ஃப் பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் மனிதப் பெண்ணின் கை பட்டால்தான் பிள்ளை வெளியே வரும். ராத்திரியில் ஓர் ஆள் வந்து கூப்பிடுவான், பாறை திறக்கும். பிள்ளையின் கண்ணில் தடவ ஒரு தைலம் தருவார்கள். மருத்துவச்சி கொஞ்சம் தன் ஒரு கண்ணிலும் தடவிக்கொள்வாள். அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு மறைமக்கள் தெரிவார்கள். பிறகு ஒருநாள் கடையில் அதே எல்ஃப் பெண்ணைப் பார்த்துப் பேசிவிடுவாள். அந்த எல்ஃப் பெண் இவள் கண்ணில் துப்பிவிட்டுப் போவாள். அதோடு அந்தப் பார்வை போயிற்று.

நான்காம் நாள், ஜூன் 22, ரெய்க்ஹோல்ட்

வாடகை கார். சாவி தருகிறவர் காரைப் பற்றிச் சொன்னதைவிடக் கதவைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். "காற்றைப் பார்த்து நிறுத்துங்கள். கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்று கதவைப் பிய்த்தால் காப்பீடு கிடையாது." தலையாட்டினேன்.

வடக்கே போக ஹ்வால்ஃபியோர்துர் சுரங்கம், கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்குக் கீழே 165 மீட்டர் வரை இறங்குகிறது. பாதாளத்தைத் தேடி வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்.

ரெய்க்ஹோல்ட் ஒரு தேவாலயம், ஒரு சிலை, நாலைந்து கட்டடம். சிலையில் நிற்பவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். இரண்டு முறை நாட்டின் சட்டம் உரைப்பவராக இருந்தவர், பணக்காரர், அரசியல் சூழ்ச்சிக்காரர், கவிஞர். புதுக் கவிஞர்களுக்குப் பழைய புராணம் மறந்துபோகிறதே என்று பாடப்புத்தகமாக 'எட்டா' என்ற நூலை எழுதினார். அதில்தான் வருகிறது: வானத்தில் ஆல்ஃப்ஹெய்ம் என்ற இடத்தில் வெளிச்ச ஆல்ஃபுகள், சூரியனைவிட அழகு, இருள் ஆல்ஃபுகள் மண்ணுக்கடியில், தாரைவிடக் கறுப்பு, உருவிலும் வேறு, குணத்தில் இன்னும் வேறு. அவ்வளவுதான். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாரைக் கும்பிட்டார்கள், ஒரு வார்த்தை இல்லை. அதே புத்தகத்தில் இன்னோரிடத்தில் 'கறுப்பு ஆல்ஃபுகளின் உலகம்' வருகிறது. அங்கே போனால் இருப்பவர்கள் கொல்லர் வேலை செய்யும் குள்ளர்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், மீனின் மூச்சு என்று இல்லாத பொருள்களைச் சேர்த்து, புராணத்து ராட்சத ஓநாயைக் கட்டும் நாடாவைச் செய்து தந்தவர்கள். அதனால் இருள் ஆல்ஃபும் குள்ளரும் ஒன்றே என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

ஸ்நோரிக்கு முந்தைய பழம்பாடல்களில் இந்த வெள்ளை கறுப்புப் பிரிவே கிடையாது. 'தெய்வங்களும் ஆல்ஃபுகளும்' என்று இரண்டும் ஜோடியாகவே வரும். மேட்டுக்குள் இருக்கும் ஆல்ஃபுகளுக்குக் காளை ரத்தம் ஊற்றி, இறைச்சி படைத்தால் காயம் ஆறும் என்று ஒரு சாகா, அதாவது பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை, சொல்கிறது. கி.பி. 1018 வாக்கில் சிக்வாட்ர் என்ற ஐஸ்லாந்துக் கவிஞர் ஸ்வீடனுக்கு ராஜ காரியமாகப் போனார். இருட்டில் ஒவ்வொரு வீடாகத் தட்ட, ஒரு வீட்டுக்காரி வாசலிலேயே மறித்து, உள்ளே ஆல்ஃபுகளுக்குப் பலி நடக்கிறது, வராதே என்று விரட்டிவிட்டாள். அந்த எரிச்சலை அவர் செய்யுளாகவே எழுதிவைத்திருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பயணக் கட்டுரை, தங்க இடம் கிடைக்காத புலம்பலோடு!

ஸ்நோரி எழுதும்போது நாடு கிறிஸ்தவமாகி இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. மேலே ஒளிமயமான தேவதூதர், கீழே கறுப்புப் பிசாசு என்ற படம் அவர் பேனாவுக்குள் புகுந்திருக்கலாம் என்கிறார்கள். அதிலிருந்து எழுநூற்றைம்பது வருஷம் கழித்து ஓர் அமெரிக்க விளையாட்டில் கறுப்புத் தோல் உள்ள இனம் முழுக்கவே பிறவித் தீயவர்கள். அக்கா மகன் என் நிறம்தான். அவன் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நான்தான் புத்தகத்திலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தேன். 2020-ல் அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமே இப்படி ஓர் இனத்தை மொத்தமாகக் கெட்டதாகக் காட்டுவதை மாற்றப்போவதாக அறிவித்தது.

சிலைக்குப் பின்னால் ஸ்நோரி குளித்த வெந்நீர்த் தொட்டி, வட்டமாகக் கல் பாவியது, இன்றும் ஆவி பறக்கிறது. தொட்டியிலிருந்து வீட்டு நிலவறைக்கு ஒரு சுரங்க வழி இருந்தது. அதன் வாயை மரக்கதவு போட்டு வைத்திருக்கிறார்கள். 1241 செப்டம்பர் 23 இரவு எதிரிகளின் ஆட்கள் வந்தபோது ஸ்நோரி ஓடி ஒளிந்தது நிலவறையில். அங்கேதான் வெட்டிக் கொன்றார்கள். இருண்டவர்கள் மண்ணுக்கடியில் இருக்கிறார்கள் என்று எழுதியவர் மண்ணுக்கடியிலேயே போனார்.

அந்தக் கதவருகே நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, ஏதோ யோசனையில் கார்க் கதவைத் திறந்தேன். காற்று பறித்துக்கொண்டது. கீல் ஒரு சத்தம் போட்டது. மூடுகிறது, ஆனால் முன்மாதிரி இல்லை.

ஐந்தாம் நாள், ஜூன் 23, துங்குஸ்தாபி

மேற்கே தாலிர் பகுதி. வழியெல்லாம் ஆடு. பூதர்தாலுரில் ரொட்டியும் ஸ்கிர்ரும் வாங்கினேன். கட்டித் தயிர் மாதிரிதான், ஆனால் ஊருக்குப் போய்த் தயிர் என்று சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஸேலிங்ஸ்தாலுர் பள்ளத்தாக்கு. அதில் தனியாக நிற்கும் ஒரு பாறைக்குன்று துங்குஸ்தாபி. மறைமக்களின் பேராலயம், அவர்களுடைய ஆயர் இருக்கும் இடம். சாலையோரத்திலேயே நின்று பார்த்தேன்.

கதை இது. பண்ணைக்காரருக்கு இரண்டு மகன்கள். ஆர்னோர் வாயாடி, குன்றைக் கேலி பேசுகிறவன். ஸ்வேய்ன் அமைதி, அந்தப் பக்கமே சுற்றுகிறவன். ஒரு வருடக் கடைசி இரவில் ஸ்வேய்னைக் காணோம். அண்ணன் தேடிப் போகிறான். குன்று திறந்திருக்கிறது, உள்ளே வரிசை வரிசையாக விளக்கு, பாட்டு. பீடத்தின் முன்னால் மண்டியிட்டிருப்பது தம்பி, சுற்றிலும் அங்கி போட்ட குருமார்கள். "ஸ்வேய்ன், வா! உன் உயிர் போகும்!" என்று வாசலில் நின்று கத்துகிறான். தம்பி திடுக்கிட்டுத் திரும்புகிறான். கதவை மூடச் சொல்கிறார் எல்ஃப் ஆயர். ஸ்வேய்னிடம், "அண்ணன் குரலுக்கு எழுந்துவிட்டாய், இனி நீ எங்களோடு இல்லை. இந்த அங்கியில் என்னை அடுத்தமுறை பார்க்கும் கணம் நீ விழுந்து சாவாய்" என்கிறார். ஓடுகிற ஆர்னோரைக் குதிரைகள் துரத்தி மிதிக்கின்றன, அவன் பிழைக்கவில்லை.

ஸ்வேய்ன் ஹெல்காஃபெல் மடத்தில் துறவியாகிறான். அவன் பூசைப் பாட்டைப் போல யாருடையதும் இல்லை என்று பேர். வருஷங்கள் போகின்றன. வயதான அப்பா, சாகும் முன் ஈஸ்டருக்கு ஊர்க் கோவிலில் ஒருமுறை பாடு என்று ஆளனுப்புகிறார். ஒரு நிபந்தனையோடு வருகிறான்: நான் பாடும்போது கோவில் கதவு திறக்கக் கூடாது. பாடுகிறான், எல்லோரும் உருகி நிற்கிறார்கள். ஆசி கொடுக்க அவன் மக்கள் பக்கம் திரும்பும் நொடியில் மேற்கிலிருந்து ஒரு காற்று கதவைப் பிய்த்துத் திறக்கிறது. நேர் எதிரே குன்றும் திறந்திருக்கிறது. அங்கேயும் விளக்கு வரிசை, அங்கேயும் பூசை, அங்கேயும் ஆயர் திரும்பி நிற்கிறார். ஸ்வேய்ன் விழுந்து செத்தான். அப்பாவும் அங்கேயே. பிறகு கோவிலின் வாசல் குன்றைப் பார்க்காத இடத்துக்கு அதை மாற்றினார்கள் என்று கதை முடிகிறது.

நேற்று என் கார்க் கதவைப் பறித்த அதே காற்று இந்தக் கதையில் அடிக்கிறது. மேல்மாடி அறையில் படித்திருந்தால் இந்தக் காற்று விதியின் கருவி, அது இது என்று ஏதாவது எழுதியிருப்பேன். இங்கே நின்றால் அது வெறும் செவ்வாய்க்கிழமைக் காற்று. அதனால்தான் பயம் அதிகம்.

இன்னொன்று. அண்ணன் கண்டது பிசாசுக் கோட்டை இல்லை. தன் ஊரிலேயே நடக்கும் அதே பூசை, அதே அங்கி, அதே பாட்டு. இரண்டு வாசலும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுதான் ஆபத்து.

ஆறாம் நாள், ஜூன் 24, விமான நிலையம்

இன்று யோன்ஸ்மெஸ்ஸா, கோடைநடு நாள். நேற்று ராத்திரி மாடுகள் பேசுமாம். பனிப்புல்லில் உடம்பில் துணியில்லாமல் புரண்டால் நோய் தீருமாம். நான் சன்னல் வழியாக ஒரு மாட்டைப் பார்த்ததோடு சரி.

வீட்டம்மா விடைபெறும்போது ஒரு கதை சொன்னார். கிறிஸ்துமஸ் அல்லது வருடக் கடைசி இரவில் நாற்சந்தியில் தனியே உட்கார்ந்தால் எல்ஃபுகள் வந்து பொன், பட்டு, பலகாரம் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். விடியும்வரை வாய் திறக்காமல் இருந்தால் எல்லாம் நமக்கே. ஃபூசி என்று ஒருவன் உட்கார்ந்தான். பொன்னுக்கு அசையவில்லை, பட்டுக்கு அசையவில்லை. கடைசியில் ஒரு பெண் சுடச்சுட உருக்கிய கொழுப்பை நீட்டினாள். "கொழுப்பை நான் வேண்டாமென்று சொன்னது அபூர்வம்" என்று ஒரு கடி. எல்லாம் போயிற்று, புத்தியும் போயிற்று. எங்கள் தெருவில் நெய்க்கு விழுகிற நாலு பேரை எனக்குத் தெரியும்.

கார்க் கதவுக்குப் பணம் கட்டினேன். தொகையை எழுத மனமில்லை.

காத்திருக்கும்போது அக்கா மகனுக்குத் துங்குஸ்தாபி கதையைக் குரல்பதிவாக அனுப்பினேன், ஏழு நிமிஷம். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. கட்டம் போட்ட தாளில் அவன் வரைந்துவைத்திருந்த பாதாள நகரம், சிலந்திக் கோவிலை அழித்த தடம், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு தேவாலயம். கீழே ஒரு கேள்வி.

"மாமா, குன்றோட கதவு எந்தப் பக்கம்?"

கிழக்கு என்று அனுப்பினேன். "அப்போ நம்ம கோவில் வாசல் மேற்கு," என்று பதில் வந்தது. "ஞாயித்துக்கிழமை காத்து அடிக்கும்."